ஜன்னலோர நாற்காலியில் இரண்டு கட்சி

பிப்ரவரி 21, வெள்ளி

டிரைவர் ஐயா இன்றும் பாதியிலேயே கழற்றச் சொல்லிவிட்டார். டயாலிசிஸ் மெஷினில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. "போதும்மா, டெப்போ வந்துருச்சு. இறக்கி விடு" என்றார். வேலைக்காலம் முழுக்க பஸ் ஓட்டியவர். எதைப் பேசினாலும் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டார். நான் கையில் பஞ்சோடு நின்றேன். 'இன்னும் கொஞ்ச நேரம் இருங்க ஐயா' என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஊசியை எடுத்தேன்.

வராந்தாவில் அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படியே பாதியில எழுந்து வந்தா தண்ணி நெஞ்சுல தேங்கிடும், இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்ல நாங்க சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க சொல்லிப் பாருங்களேன் மேடம்."

நானா? டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பில், எழுத்துத் தேர்வில் எல்லாம் நல்ல மார்க் வாங்கியவள்தான். வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் "இந்தப் பொண்ணுக்குக் காது கேக்குமா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். எனக்குக் கேட்டது. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பெரிய நர்ஸ் அக்கா பேர் வைத்துவிட்டார். வார்டு டிவியை எப்போதும் சத்தமில்லாமல்தான் வைத்திருப்போம். அதைக் காட்டி, "அது ஒரு மியூட்டு, இது ஒரு மியூட்டு" என்றார். அன்றிலிருந்து நோயாளிகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓட்டல் சலவைப் பிரிவில் விரிப்புகள் துவைக்கிறார். "நான் துணி துவைக்கறேன், நீ ரத்தம் துவைக்கற. துணி பேசவா சொல்லுது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஜன்னலோர நாற்காலி திங்கள், புதன், வெள்ளியில் டிரைவர் ஐயாவுக்கு. செவ்வாய், வியாழன், சனியில் பேக்கரிக்காரருக்கு. ஒரே நாற்காலி, ஒரே மெஷின். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

பேக்கரிக்காரர் பிறந்தது நம் நாட்டில் இல்லை. வாலிபத்தில் வேலை தேடி வந்தவர், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு அடுப்பு போட்டுவிட்டார். மற்ற எல்லாவற்றிலும் நம் ஆள். கிரிக்கெட்டில் மட்டும் அவர்கள் ஆள். வியாழக்கிழமை அவர்களுக்கும் நமக்கும் டெஸ்ட் தொடங்குகிறது. இன்று முழுக்க அதே பேச்சு.

"என் நாற்காலில மத்த நாள் உக்காருறது யாரு பாப்பா? எந்தக் கட்சி?"

"நம்ம கட்சி" என்றேன். முகம் சுட்டது.

"நம்ம கட்சின்னா உன் கட்சியா, என் கட்சியா?"

பக்கத்தில் டைலர் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். குலுங்கியதில் அவருடைய மெஷின் அலாரம் அடித்துவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

முதல் நாள். அவர்கள்தான் ஆடினார்கள். நாள் முழுக்க.

மத்தியானம் வார்டு எப்படி இருக்கும் என்று எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். மெஷின்கள் எல்லாம் ஒரே சுருதியில் முனகும். ரத்தம் குழாயில் வெளியே வந்து, சுற்றி, திரும்ப உள்ளே போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் யாருடைய ரத்தம், யாருடைய கை என்பதெல்லாம் மறந்து போகும். போர்வைக்குள் எல்லோரும் பாதித் தூக்கத்தில். சுவரில் அந்தப் பச்சை மைதானம். வெள்ளை உடுப்பில் ஆட்கள் மெல்ல நடக்கிறார்கள், நிற்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் கண்ணாடி மீன்தொட்டிக்கு வெளியே இருக்கிறோமா, உள்ளே இருக்கிறோமா என்று தெரியாது.

ஒரு வேடிக்கை. கீழே டீக்கடையில் ரேடியோ வைத்திருக்கிறார்கள். எங்கள் டிவி படம் அதைவிடக் கொஞ்சம் பிந்தி வருகிறது. அதனால் தெருவில் ஆரவாரம் முதலில் கேட்கும், பந்து பிறகுதான் வரும். தெருவில் "ஏய்!" என்று கத்தினால் எங்கள் திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடி வரத் தொடங்குவார். எல்லோரும் தலையை உயர்த்தி, நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டு பார்ப்பார்கள்.

இன்று தெரு ஊமையாகவே கிடந்தது. தெரு அமைதியானால் பேக்கரிக்காரர் கண்ணைத் திறப்பார். அடுத்த நொடி பவுண்டரி. "உங்க தெரு அமைதியா இருந்தா எனக்கு நல்ல சகுனம்" என்றார். டைலர் அண்ணன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரன் நூறு தாண்டியும் அவுட் ஆகவில்லை.

கழற்றும்போது பேக்கரிக்காரர் சொன்னார்: "நாளைக்கு வர்ற உங்க டிரைவர்கிட்ட ஒரு சேதி சொல்லணும் பாப்பா. நாற்காலிய சூடாக்கி வெச்சிருக்கேன், சுடாம உக்காரச் சொல்லு."

நானா சொல்வது? போயும் போயும் என்னிடமா?

பிப்ரவரி 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வழக்கம்போல பாதியில் "டெப்போ வந்துருச்சு" என்று தொடங்கினார். பஞ்சை எடுத்தேன். எடுத்தவள் ஏனோ அப்படியே நின்று, "ஐயா, நேத்து இந்த நாற்காலில உக்காந்தவரு... நாற்காலிய சூடாக்கி வெச்சிருக்காராம். சுடாம உக்காரச் சொன்னாரு" என்றேன். என் குரல் என் காதுக்கே புதிதாக இருந்தது. அந்தப் பக்கம் படுத்திருந்த டீச்சரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மியூட்டு பேசிருச்சு!"

"யாரும்மா அவன்?"

"பேக்கரிக்காரர். அவங்க கட்சி."

"அவன் எவ்வளவு நேரம் உக்காருவான்?"

"முழு நேரமும் ஐயா. ஒரு நாள்கூட முன்னாடி எழுந்ததில்ல." இது உண்மை.

டிரைவர் ஐயா கையை நாற்காலியில் மறுபடி வைத்தார். "அப்ப நானும் கடைசி ஸ்டாப்தான். போ, உன் வேலையப் பாரு."

முழு நேரமும் இருந்தார்! நான் சேர்ந்த பிறகு முதல் முறை. மகளுக்கு நம்பிக்கையே வரவில்லை, உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடி வந்தார்.

ஆட்டம்தான் அழுகை. அவர்கள் போதும் என்று முடித்துக்கொண்டு நம்மை ஆட விட்டார்கள். அவர்களுடைய நெட்டை பவுலர் வந்ததும் தெருவில் "ஐயோ", கொஞ்சம் கழித்துத் திரையில் ஸ்டம்ப் பறந்தது. டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கழற்றினால் விக்கெட் விழாதாம். அப்படியும் இன்னொன்று விழுந்தது.

போகும்போது டிரைவர் ஐயா பதில் கொடுத்தார்: "அவன்கிட்ட சொல்லு. இப்ப மாவுதான் பொங்கியிருக்கு. அடுப்புல வெச்சு எடுத்தாத்தான் ரொட்டியா கல்லான்னு தெரியும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை மறக்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் ஒருவர் விலகி உட்கார்ந்தார்.

மார்ச் 1, சனி

பேக்கரிக்காரர் வரவில்லை. குளிர் காய்ச்சல், கையில் ஊசி போடும் இடத்தில் சீழ். நேற்று இரவே நாலாவது மாடியில் சேர்த்துவிட்டார்கள். அங்கேயே படுக்கையில் வைத்து டயாலிசிஸ் செய்கிறார்களாம். அவர் மனைவி சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலோர நாற்காலி காலி. நம் ஆட்கள் எல்லோரும் அவுட். ஃபாலோ ஆன், அதாவது மறுபடியும் நம்மையே ஆடச் சொல்லிவிட்டார்கள். டைலர் அண்ணன், "கிண்டல் பண்ண அந்த மனுஷனாவது இருந்திருக்கலாம். துக்க வீடு மாதிரி இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை டிரைவர் ஐயா கேட்பாரே. என்ன சொன்னான் பேக்கரிக்காரன் என்று கேட்பாரே. ஒன்றும் சொல்லவில்லை என்றால்? டெப்போ வந்துவிடும்.

மார்ச் 2, ஞாயிறு

விடுமுறை. முதல் தடவையாக சத்தத்தோடு கிரிக்கெட் பார்த்தேன். சத்தம் இருந்தால் வேறு விளையாட்டு போல இருக்கிறது. அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தார்.

"இவங்க எப்ப ஜெயிப்பாங்க?"

"இனிமே ஜெயிக்க முடியாதும்மா."

"அப்புறம் எதுக்கு வெயில்ல நிக்கறாங்க?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் அவுட் ஆகாம நின்னுட்டா தோக்க மாட்டாங்க."

அம்மா ஒரு சட்டையை மடித்து முடித்தார். "அது சரியான வேலைதான்" என்றார். அதற்குப் பிறகு என்னைவிட அவர்தான் உற்றுப் பார்த்தார். நம் ஆள் ஒருவன் பந்தைத் தொடாமல் விட்டபோதெல்லாம் "நல்ல பையன்" என்றார். ஆட்ட முடிவில் ஆறு பேர் அவுட்.

சாயங்காலம் மொட்டைமாடியில் காயும் விரிப்புகளுக்கு நடுவே நின்று, பேக்கரிக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். வெள்ளை வெள்ளையாக நாலாபக்கமும் அசைந்தன. நானே ஃபீல்டர்களுக்கு நடுவில் நிற்பது போல இருந்தது. ஒரு விரிப்பிடம் சொல்லிப் பார்த்தேன். அது சிரிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

டிரைவர் ஐயா வந்தபோது கால்கள் வீங்கியிருந்தன. ஆட்டம் போன துக்கத்தில் டீயாகக் குடித்துத் தீர்த்திருக்கிறார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "என்ன சொன்னான் உன் பேக்கரி?"

கூசாமல் சொன்னேன். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள உங்க கதை முடிஞ்சிடும். அப்புறம் பாக்க ஒண்ணும் இருக்காது, உங்க ஐயாவ சீக்கிரமே கழட்டி வீட்டுக்கு அனுப்பிடுன்னு சொன்னாரு."

அவர் முகம் சிவந்ததைப் பார்க்கணுமே. "அப்படியா சொன்னான்? நான் சீக்கிரம் எழுந்து போறது அவனுக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லியிருப்ப."

குழாயைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் கதை முடியவில்லை. அதற்குப் பிறகு மளமளவென்று மூன்று விக்கெட். கடைசி ஜோடி: நம் கீப்பரும், 'முட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பந்துவீச்சாளனும். ரன்னே எடுக்கத் தெரியாதவன். ஒரு ஓவர் நின்றான். இன்னொன்று நின்றான். தேநீர் இடைவேளை முடிந்தும் நின்றான்.

அப்புறம் வார்டில் யாரும் அசையவில்லை. யார் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருக்க வேண்டும், அசைந்தால் விக்கெட் போகும் என்று டீச்சரம்மா சட்டம் போட்டுவிட்டார். கண்ணாடியைக் கையில் பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார், ஆட்டம் ஒரு பச்சைக் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். நான் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையோடு நடுவழியில் நின்றேன்.

டிரைவர் ஐயாவின் நேரம் முடிந்தது. கழற்றிவிட்டேன். எழவில்லை.

"ஐயா, அடுத்தவங்க வெளிய நிக்கறாங்க" என்றார் நர்ஸ் அக்கா.

"நிக்கட்டும். ஃபுல் லோடு. படியில தொங்கச் சொல்லு."

"விளையாடாதீங்க!"

"நான் எழுந்தேன்னா முட்டை அவுட். பழி உன் தலையில. பரவால்லையா?"

அக்கா இடுப்பில் கைவைத்து டிவியைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த ஷிப்ட்காரர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். மைதானத்தில் வெயில் சாய்ந்து, ஆட்களுடைய நிழல்கள் ஆட்களைவிடப் பெரிதாகிவிட்டன. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல. இன்னும் ஒரு சில ஓவர்கள்தான்.

அப்போது தெருவிலிருந்து வந்தது. கத்தல் இல்லை. நிறையப் பேர் ஒன்றாக மூச்சை விட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

திரையில் முட்டை இன்னும் அவுட் ஆகவில்லை. கையுறையைச் சரி செய்துகொண்டிருந்தான். கீப்பர் நடந்து வந்து அவன் மட்டையைத் தன் மட்டையால் தட்டிவிட்டுப் போனான். எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் போல இருந்தது எனக்கு. டிரைவர் ஐயா, "ஆடுடா ராஜா" என்று ரொம்ப மெல்லச் சொன்னார்.

நெட்டையன் ஓடி வந்தான்.

எல்லாம் முடிந்து அவர் எழுந்தார். பதில் சேதி எதுவும் தரவில்லை. "இவ்வளவு நேரம் நின்னு என்ன பிரயோஜனம்?" என்று மட்டும் கேட்டார். என்னிடமா, தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்து நாலாவது மாடிக்குப் போனேன். பேக்கரிக்காரர் பாதியாக இளைத்திருந்தார். ஊசி போடும் கை பழுதாகி, டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக எதையும் பார்க்கவில்லை.

"ஜெயிச்சோமா பாப்பா?"

"ஜெயிச்சீங்க."

சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரம்மா கண்ணாடி, சுவரோரம் நின்ற கூட்டம், நான் அவர் பெயரில் சொன்ன கிண்டல் எல்லாம். இவ்வளவு பேசியதே இல்லை, நாக்கு வறண்டுவிட்டது. டிரைவர் ஐயா கடைசியில் கேட்டதையும் சொன்னேன்.

கிண்டலைக் கேட்டு முகம் சுளித்தார். "என் பேர்ல சொல்றதுன்னா கொஞ்சம் ருசியா சொல்லக் கூடாதா? உப்பே இல்ல." பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"பாப்பா. நீ சொன்னதுல ஆளுங்க இருக்காங்க, ஆட்டம் இல்ல. முட்டை எந்தப் பந்த விட்டான், எதத் தடுத்தான், நெட்டையன் எப்படிப் போட்டான்? உனக்குத் தெரியாது. அந்த டிரைவர வந்து சொல்லச் சொல்லு. வியாழக்கிழமை கீழ வந்துடுவேன்."

மார்ச் 5, புதன்

வரவில்லை. டிரைவர் ஐயா வரவில்லை. நேரம் ஆயிடுச்சு, நாற்காலி காலி. மகள் போனை எடுக்கவில்லை. திங்கட்கிழமை அந்த வீக்கத்தோடு வந்தவர். தண்ணீரை முழுசாக எடுக்கவும் முடியவில்லை அன்றைக்கு. இன்றைக்கும் வராமல் இருந்தால் — நெஞ்சில் தண்ணீர் — ஐயோ.

நர்ஸ் அக்கா வீட்டு எண்ணைத் தேடிக் கொடுத்தார். "நான் பேசட்டுமா?" என்றார். நானே பேசுகிறேன் என்றேன்.

அவரேதான் எடுத்தார். மூச்சு இரைத்தது.

"ஐயா, பேக்கரிக்காரர் கேக்கறாரு. கடைசி ஜோடி எப்படி ஆடினாங்கன்னு நீங்க வந்து சொல்லணுமாம். சனிக்கிழமையிலேர்ந்து காய்ச்சல்ல கிடந்தாரு. எதையும் பாக்கல."

இரைப்புக்கு நடுவே கேட்டார்.

"சனிக்கிழமையிலேர்ந்தா? அப்ப திங்கட்கிழமை எனக்குச் சேதி சொன்னது யாரு?"

சொல்லும்போது அது எனக்கு உறைக்கவில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

"நான்தான் ஐயா."

"நீயா?"

"நீங்க பாதியில எழுந்து போயிடக் கூடாதுன்னு."

வைத்துவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

காலையில் சக்கர நாற்காலியில் வந்தார், மகள் தள்ளிக்கொண்டு. உதடு நீலம். பேச முடியவில்லை. ஆக்சிஜன் வைத்து, உடனே மெஷினில் போட்டோம். ஜன்னலோர நாற்காலி பேக்கரிக்காரருக்கு ஒதுக்கியது, அதனால் பக்கத்து நாற்காலி. பத்து மணிக்கு பேக்கரிக்காரரையும் கீழே கொண்டு வந்தார்கள். இன்று அவருக்கும் சீக்கிரமே தொடங்கினோம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் குழாயைப் பார்த்தேன்.

"இவன்தானா?" என்றார் டிரைவர் ஐயா, மூச்சு கொஞ்சம் இறங்கிய பிறகு. என்னிடம் இல்லை, நர்ஸ் அக்காவிடம். என்னிடம் இன்று பேசவே இல்லை.

"நான்தான்" என்றார் பேக்கரிக்காரர். "மெதுவா வாங்க. நான் எங்கயும் போகல."

மத்தியானம் டிரைவர் ஐயா ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். ஒரு கையில் ஊசி இருப்பதால் இன்னொரு கைதான் மட்டை. பந்து எகிறியது, முட்டை தலை குனிந்தது, நெட்டையன் இடுப்பில் கைவைத்து முறைத்தது எல்லாம் அந்தக் கையிலேயே வந்தன. நான் திங்கட்கிழமை பார்த்தது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. "அந்தப் பந்து உள்ள வந்திருக்கும், அவன் காலப் போட்டிருக்கணும்" என்றார் பேக்கரிக்காரர். "பாத்தது நீயா நானா?" "எங்க ஆள் போடறது எனக்குத் தெரியாதா?" டைலர் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வார்டில் யாரும் டிவியைப் போடச் சொல்லவில்லை.

கீப்பர் வந்து மட்டையைத் தட்டிய இடத்தில் நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?"

"அதுவரைக்கும்தான் நான் பாத்தேன்."

பேக்கரிக்காரர் மெல்லத் தலையாட்டினார். "நல்லா ஆடியிருக்கானுங்க" என்றார்.

மார்ச் 8, சனி

டிரைவர் ஐயா திங்கள், புதன், வெள்ளியிலிருந்து செவ்வாய், வியாழன், சனிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். காரணம் கேட்டதற்கு "ரூட் மாத்தறேன்" என்றாராம்.

மார்ச் 22, சனி

அடுத்த டெஸ்டின் மூன்றாம் நாள். காலையில் மழை, பிறகு வெளிச்சம் போதவில்லை, பிறகு அவர்கள் ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்ல முடியாது, நின்றார்கள். வார்டு முழுக்கத் தூக்கம். பேக்கரிக்காரருக்குக் கழுத்துக் குழாய் இன்னும் எடுக்கவில்லை. இன்னொரு கையில் ஊசிக்கு இடம் தயாராக மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். சீக்கிரம் களைத்துப்போகிறார்.

டிரைவர் ஐயாவின் மெஷின் முடிந்த ஒலி கொடுத்தது. கண் விழித்தார்.

"கழட்டட்டுமா ஐயா?"

பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "அவனுக்கு?"

"அவருக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

"கழட்டு. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

மகள் பையோடு வாசலில் வந்து நின்றார். இவர் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர்கள் ஆள் ஒருவன் எப்போதாவது ஒரு ரன் எடுத்தான். பேக்கரிக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பாக்கற?" என்றார் என்னிடம். "முழிச்சதும் என்னாச்சுன்னு கேப்பான். சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

மகளுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன்.